சட்டையைத் தூக்கிக் காட்டிய அந்த இரண்டு விநாடி

கேள்வி: டெக்ஸஸில் ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். எனக்குக் கிரீன் கார்டு. கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி 2 வருடம் ஆகிறது. வலது இடுப்பில், பேன்ட்டுக்கு உள்பக்கம் ஹோல்ஸ்டரில் வைத்து மேலே டி-ஷர்ட் போட்டுக்கொள்வேன். மூன்று வாரத்துக்கு முன் இரவு ஒன்பதரை மணிக்கு கேஸ் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் பின் சீட்டில் இருந்தார்கள். ஹைவேயில் நான் லேன் மாறியதற்காக ஒருவர் பிக்கப் டிரக்கில் துரத்தி வந்து இறங்கி, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே என்னை நோக்கி நடந்தார். "உன் நாட்டுக்கே போ" என்றார். நானும் பதிலுக்குக் கத்தினேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. சுமார் 15 அடிக்கு வந்ததும் டி-ஷர்ட்டைத் தூக்கிப் பிடியைக் காட்டினேன். நின்றார், இரண்டு கையையும் உயர்த்தினார், போய்விட்டார். இதற்குள் அப்பாவும் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். போலீஸுக்குச் சொல்லவில்லை. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதற்குப் பாதிப் பேர் சபாஷ் என்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். நான் செய்தது சரியா? அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: சரியில்லை. அந்த ஆள் போய்விட்டதால் சரியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அவர் டிரக்கில் ஏறிய அடுத்த நிமிடம் அவசர எண் 911-ஐ அழைத்து, "கேஸ் ஸ்டேஷனில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான், வெள்ளை டொயோட்டா, நம்பர் இது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் போன் செய்தவர்தான் போலீஸ் கணக்கில் புகார்தாரர். நீங்கள் சந்தேக நபர். உங்களைத் தேடி வருகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை உருவியபடிதான் வருவார்கள். பின் சீட்டில் அப்பா, அம்மா. கேமராப் பதிவில் தெரிவது, ஆயுதம் இல்லாத ஒருவர் கத்துகிறார், நீங்களும் கத்துகிறீர்கள், பிறகு சட்டையைத் தூக்குகிறீர்கள். பெரும்பாலும் அந்தப் பதிவில் குரல் இருக்காது. "உன் நாட்டுக்கே போ" என்றது அதில் கேட்காது.

"டெக்ஸஸில் 2016 ஜனவரியிலிருந்தே லைசென்ஸ் உள்ளவர் வெளியே தெரியும்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமே, 2021 செப்டம்பருக்குப் பிறகு 21 வயதானவருக்கு லைசென்ஸே வேண்டாமே, ஹோல்ஸ்டரில் இருந்ததை அவர் பார்த்ததில் என்ன தப்பு?" என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்டிருப்பார்கள். பார்த்ததில் தப்பில்லை. கடையில் பால் வாங்கும்போது காற்றில் சட்டை விலகிப் பிடி தெரிந்தால் அது ஒன்றுமே இல்லை. சண்டைக்கு நடுவே, எதிராளியைப் பார்த்துக்கொண்டே சட்டையைத் தூக்குவது ஒரு வாக்கியம் பேசுவதற்குச் சமம். "சுடுவேன்" என்பது அந்த வாக்கியம். பொது இடத்தில் பிறர் அஞ்சும்படி ஆயுதத்தைக் காட்டுவது தண்டனைச் சட்டம் 42.01-ன் கீழ் கிளாஸ் பி குற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். அரசு வழக்கறிஞர் கொஞ்சம் கடுமையானவராக இருந்தால், ஆயுதம் காட்டி மிரட்டியதாக 22.02-ல் சேர்ப்பார். அது இரண்டாம் நிலைப் பெருங்குற்றம், 2 முதல் 20 ஆண்டு. ஒரே அசைவுக்கு 180 நாளும் பொருந்தும், 20 ஆண்டும் பொருந்தும் என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

உங்கள் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது. 9.04-வது பிரிவின்படி, பலத்தைப் பயன்படுத்துவது நியாயமாக இருக்கும் நேரத்தில், 'தேவைப்பட்டால் சுடுவேன்' என்ற அச்சத்தை உண்டாக்குவதற்காக மட்டும் ஆயுதத்தை வெளியே எடுத்தால், அது உயிர்ப்பறிப்புப் பலம் ஆகாது. டெக்ஸஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017-ல் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. ஆனால் அந்த வழக்கில் சிக்கியவருக்கு முதலில் ஜூரி தண்டனை கொடுத்து, அதன் பிறகே மேல்முறையீட்டில் நியாயம் கிடைத்தது. பிரிவின் முதல் பாதியையும் மறக்கக் கூடாது: பலம் நியாயமாக இருக்க வேண்டும். 9.31 நேராகவே சொல்கிறது, வாய்ச்சொல் மட்டுமே காரணம் என்றால் பலத்துக்கு நியாயம் கிடையாது. எவ்வளவு கேவலமான சொல்லானாலும் சொல் சொல்தான். 15 அடியில், வெறுங்கையோடு, திட்டிக்கொண்டு நடந்து வருகிற ஆள் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. "அடித்து நொறுக்குவேன்" என்று பாய்ந்து வந்திருந்தால் கதை வேறு. நீங்கள் எழுதியதில் அது இல்லை.

இன்னொரு ஓட்டை, நீங்கள் பதிலுக்குக் கத்தியது. டெக்ஸஸில் பின்வாங்கிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2007-ல் சட்டம் ஆனது எல்லாருக்கும் மனப்பாடம். அதே வரியில் உள்ள நிபந்தனை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை: நீங்கள் தூண்டிவிட்டிருக்கக் கூடாது. வாய்ச்சண்டையில் பங்கு எடுத்துக்கொண்டவர், தூண்டியது யார் என்ற கேள்வியை ஜூரியின் 12 பேர் கையில் கொடுத்துவிடுகிறார். 2010-ல் ஹியூஸ்டனுக்கு வடகிழக்கே பக்கத்து வீட்டுப் பார்ட்டிச் சத்தத்தைத் தட்டிக்கேட்கத் துப்பாக்கியோடும் வீடியோ கேமராவோடும் போனார் ஒருவர். "என் உயிருக்குப் பயமாக இருக்கிறது" என்று 911-க்குச் சொன்னதெல்லாம் அவருடைய கேமராவிலேயே பதிவானது. லைசென்ஸ் வகுப்பில் கேட்ட சொற்களை ஒப்பித்தால் போதும் என்று நினைத்தார் போல. அங்கே ஒருவரைச் சுட்டுக் கொன்றதற்கு 40 ஆண்டு விழுந்தது. ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தில் பிழை என்று அது ரத்தாகி, மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பானது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2018 ஜூலையில் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங்கில் ஏன் நிறுத்தினாய் என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் ஒரு பெண்ணிடம் வாக்குவாதம் செய்தார். கடைக்குள்ளிருந்து வந்த அவளுடைய துணைவர் அவரைக் கீழே தள்ளினார். விழுந்தவர் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை எடுத்தார். தள்ளியவர் பின்னால் நகர்வது கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் சுட்டார். 2019-ல் 20 ஆண்டுச் சிறை. தள்ளப்பட்டது உண்மை, வலித்தது உண்மை. ஆனால் சுட்ட விநாடியில் ஆபத்து விலகிக்கொண்டிருந்தது. எதிராளி பின்வாங்கினால் உங்கள் உரிமையும் அவரோடு பின்வாங்கிவிடும்.

இதற்கெல்லாம் மேலே, நீங்கள் கிரீன் கார்டு. அமெரிக்கக் குடிமகன் கிளாஸ் பி குற்றத்தில் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். குடிமகன் அல்லாதவர் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், நாடு கடத்துவதற்கு அதுவே தனிக் காரணம் ஆகலாம். 'டெஃபர்டு அட்ஜூடிகேஷன்' (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது) வாங்கிவிடலாம், தண்டனையாகப் பதிவாகாது என்று உள்ளூர் வழக்கறிஞர் நல்லெண்ணத்தில் சொல்வார். மாநிலச் சட்டத்துக்கு அது சரி. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவதொரு கட்டுப்பாட்டை ஏற்றாலே குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். ஆகவே குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரும் சேர்ந்து உட்காராமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நடந்து முடிந்ததைப் பற்றி இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். போலீஸுக்கு நீங்களாகப் போய்ச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் இதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம். எழுதியதை அவசரமாக அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை அழித்தார் என்ற பேச்சு வரும். அதையும் வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

இனி, அடுத்த முறை.

ஹைவேயில் ஒரு வண்டி உங்களைத் தொடர்கிறது என்று தெரிந்தால் அங்கேயே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி இறங்கியதுதான் அன்றைய முதல் தவறு. நான்கு தடவை வலப்பக்கமே திரும்புங்கள், சுற்றிப் பழைய இடத்துக்கே வருவீர்கள். அந்த வண்டி இன்னும் கண்ணாடியில் தெரிந்தால் தற்செயல் இல்லை. வீட்டுக்குப் போகாதீர்கள். ஓட்டிக்கொண்டே 911. போலீஸ் நிலையமோ தீயணைப்பு நிலையமோ இருக்கும் திசைக்குப் போங்கள். சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடம் விட்டு நின்றால், ரிவர்ஸ் எடுக்காமலே ஒடித்து வெளியேறலாம்.

இறங்கிய பிறகு ஆள் வந்துவிட்டார் என்றால், முதலில் உங்களுக்கும் அவருக்கும் நடுவே கார் வர வேண்டும். தூரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறோம். சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டுய்லர் 1983-ல் எழுதியது இது: கத்தி வைத்திருக்கும் சராசரி ஆள் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். சட்டைக்கு அடியிலிருந்து உருவ, தினம் பழகுபவருக்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 21 அடிக்குள் வந்தாலே உருவலாம் என்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் தூரத்தில் துப்பாக்கியை நம்பி நிற்காதே, நகரு என்பதுதான் அதன் பொருள். காரைச் சுற்றி வர அவருக்குக் கூடுதலாக இரண்டு மூன்று விநாடி பிடிக்கும். அந்த விநாடிகளில்தான் அவர் உண்மையில் என்ன செய்யப் போகிறார் என்பது தெரியும். திட்டுவதற்கு வந்தவர் காருக்கு அந்தப் பக்கமே நின்று திட்டுவார். அடிக்க வந்தவர் சுற்றி வருவார். பின்னால் நீதிமன்றத்தில் இந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

கைகள் இரண்டும் மார்பு உயரத்தில், உள்ளங்கை வெளியே தெரிய, முழங்கை விலாவோடு ஒட்டியபடி இருக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு இது சமாதானம் கேட்பதுபோல் இருக்கும். முகத்துக்கு வரும் அடியைத் தடுக்கவும் கை பாதி வழியில் தயாராக இருக்கும். விரலை நீட்டிப் பேசாதீர்கள். வலது கை இடுப்புப் பக்கம் போகவே கூடாது, சட்டையை இழுத்துவிடவும் கூடாது. பதற்றத்தில் பலருக்கும் கை தானாக அங்கே போகும், வீட்டில் கண்ணாடி முன் பழகினால்தான் நிற்கும்.

வாயில் வர வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "சாரி, மை மிஸ்டேக். ஹேவ் எ குட் நைட்." தவறு உங்களுடையதா என்பது முக்கியமே இல்லை. லேன் மாறியது சரிதான் என்று நிரூபித்து அங்கே என்ன வாங்கப் போகிறீர்கள்? "வந்த சண்டையை விடுவதில்லை" என்ற வீறாப்பை, துப்பாக்கியை இடுப்பில் மாட்டும்போதே வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு இருப்பவர் கைகலப்பில் தோற்றால் மூக்கு உடையும். நீங்கள் தோற்றால் உங்கள் துப்பாக்கி அவர் கைக்குப் போகும். ஆக நீங்கள் கலந்துகொள்ளும் எந்தச் சண்டையிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது, கொண்டுவந்தது நீங்கள். வன்முறையில்லாமல் தகராறைத் தீர்ப்பது டெக்ஸஸ் லைசென்ஸ் வகுப்பில் சட்டப்படியே ஒரு பாடம். 3, 7, 15 கெஜத்தில் 50 குண்டு சுட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும், இந்தப் பாடம் இருக்காது.

மன்னிப்புக் கேட்டும் நெருங்கினால் குரலை மாற்றுங்கள். வயிற்றிலிருந்து, சத்தமாக, "ஸ்டாப்! ஸ்டே பேக்! ஐ டோன்ட் வான்ட் எனி ட்ரபிள்!" கெட்ட வார்த்தை ஒன்றும் கலக்காமல். இது பாதி அவருக்கு, பாதி பக்கத்துப் பம்பில் நிற்பவருக்கு. பிறகு போலீஸ் விசாரிக்கும்போது, "அந்த இந்தியர் நிறுத்து நிறுத்து என்று கத்தினார்" என்று அவர் சொல்ல வேண்டும். "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொல்லவே கூடாது. காட்டுவதும் சொல்வதும் சட்டத்துக்கு அண்ணன் தம்பி.

பிறகு காருக்குள் ஏறி லாக் செய்யுங்கள். முடிந்தால் டேங்கில் மாட்டியிருக்கும் பெட்ரோல் நாசிலை எடுத்துக் கீழே போடுங்கள். முடியவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் அப்படியே ஓட்டுங்கள். பம்ப் ஹோஸில் இழுத்தால் பிரிந்துகொள்ளும் இணைப்பு வைத்திருக்கிறார்கள், பெட்ரோல் ஓட்டத்தை அதுவே அடைத்துவிடும். ரிப்பேர் செலவைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். காருக்குள் போவதில் சட்ட ரீதியாகவும் ஒரு லாபம் இருக்கிறது. ஆள் இருக்கும் வாகனத்துக்குள் ஒருவர் சட்டவிரோதமாக, பலவந்தமாக நுழைந்தாலோ, உங்களை வெளியே இழுத்தாலோ, நீங்கள் தூண்டாதவரை, உங்கள் அச்சம் நியாயமானது என்ற அனுமானத்தோடு டெக்ஸஸ் சட்டம் ஆரம்பிக்கிறது. பம்ப் பக்கத்தில் நின்று கத்தியவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இடது பாக்கெட்டில் ஒரு சிறிய பெப்பர் ஸ்ப்ரே வாங்கி வையுங்கள். சுய பாதுகாப்புக்காகக் கடையில் விற்கும் சிறிய குப்பி டெக்ஸஸில் சட்டபூர்வமானது. மன்னிப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே உங்களிடம் ஒன்றுமே இல்லாததால்தான் அன்று கை சட்டைக்குப் போனது. ஜெல் வகை வாங்குங்கள், புகைபோல் பரவும் வகை காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பும். எட்டிப் பிடிக்க வருகிறார் என்றால் கண் மட்டத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு, உடனே பக்கவாட்டில் இரண்டு அடி விலகல். கண் தெரியாவிட்டாலும் நேராகப் பாய்ந்து வருவார், அதனால்தான் விலகல். காலாவதித் தேதி பாருங்கள். வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

துப்பாக்கி எப்போது? 9.32 சொல்வது, எதிராளியின் உயிர்ப்பறிப்புப் பலத்தைத் தடுக்க, அல்லது கொலை, பாலியல் வன்தாக்குதல், கொள்ளை போன்ற குறிப்பிட்ட குற்றங்களைத் தடுக்க, அந்தக் கணமே தேவைப்படும்போது. பயிற்றுநர்கள் மூன்று கேள்வியாகப் பிரிப்பார்கள். கொல்லும் அளவுக்குக் காயப்படுத்த அவரால் முடியுமா? இந்தத் தூரத்தில், இப்போதே முடியுமா? செய்யப் போகிறார் என்பது அவர் நடத்தையில் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் கை இடுப்புக்குப் போக வேண்டும். அப்போது சட்டையைத் தூக்கிக் காட்டுவதற்கு நேரமும் இருக்காது, அவசியமும் இருக்காது. உருவிய பிறகு அவர் திரும்பி ஓடினால் சுடக் கூடாது, துரத்தக் கூடாது. எச்சரிக்கைக்காக வானத்தில் சுடுவது சினிமாவோடு இருக்கட்டும், அந்தக் குண்டும் எங்கோ இறங்கத்தான் செய்யும்.

ஒன்றும் நடக்காமல் முடிந்தாலும் 911 அழையுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போன உடனே. இடம், குறுக்குத்தெரு, அவர் வண்டியின் நிறம், நம்பர், உங்கள் சட்டை நிறம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது போதும். அந்தப் பேச்சு பதிவாகிறது என்பதை நினைவில் வைத்து, கோபத்தில் ஒரு சொல்லும் விடாதீர்கள். போலீஸ் வரும்போது துப்பாக்கி ஹோல்ஸ்டரில், கைகள் ஸ்டியரிங் மேல், உள்விளக்கு எரியட்டும். அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது டெக்ஸஸ் விதி. 'கன்' என்ற சொல்லை முதல் வார்த்தையாகச் சொல்லாமல், "லைசென்ஸ் வைத்திருக்கிறேன், வலது இடுப்பில் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். நீங்கள் துப்பாக்கியை உருவிய சம்பவம் என்றால், அவர் என்ன செய்தார், யார் பார்த்தார்கள், எந்தக் கேமரா அந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மூன்றையும் சொல்லி, மீதியை வழக்கறிஞரோடு வந்து சொல்கிறேன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா விஷயம். அவர்கள் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள் என்றால், கூட்டாட்சிச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ குண்டோ அவர்கள் வசம் இருக்கக் கூடாது. எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா ஆட்களுக்கும் இதே விதிதான். அவர்களைக் காரில் உட்காரவைத்துவிட்டு, துப்பாக்கியைக் கன்சோலில் வைத்துப் பூட்டாமல் கடைக்குள் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அன்று அப்பா இறங்கியிருந்தால் நீங்கள் காருக்குள் ஏறவே முடிந்திருக்காது. அவரிடம் கோபிக்காமல், ஒரு பகல் வேளையில் அதே மாதிரி பம்பில் நிறுத்தி ஒத்திகை பாருங்கள். நீங்கள் "உள்ளே" என்று ஒரு சொல் சொன்னால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அம்மா தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு இரண்டு வேலை: கதவு லாக் பொத்தானை அமுக்குவது, உங்கள் போனில் 911 அடித்து ஸ்பீக்கரில் போடுவது. பெட்ரோல் போடும்போது போனை அவர் மடியில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கேஸ் ஸ்டேஷன் பெயரையும் தெருப் பெயரையும் சொல்லத் தெரிந்தால் போதும். இறங்கும் முன்பே அந்த இரண்டையும் அவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.